சாய்தளம் இருந்தால் போதுமா? ஒரு கட்டடத்தை அளந்து பார்க்கும் முறை

"எங்கள் கட்டடத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு எல்லா வசதியும் இருக்கிறது" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை. பையிலிருந்து அளவுநாடாவை எடுத்துவிடுவேன். அதற்குப் பிறகு வாக்குவாதத்துக்கு அவசியமே இருக்காது.

கட்டட வரைபடம் வரைவது என் பிழைப்பு. நடமாடுவது சக்கர நாற்காலியில். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டதால், ஒரு கட்டடத்தில் எங்கே வழி அடைபடுகிறது என்று அளந்து எழுதித் தரும் வேலையும் என் தலையில் விழுந்தது. இதற்குப் பொறியியல் பட்டம் எதுவும் வேண்டாம். நீங்கள் வேலை செய்கிற அலுவலகம், பிள்ளைகள் படிக்கிற பள்ளி, அடிக்கடி போகிற நூலகம், மருத்துவமனை என்று எந்தப் பொதுக் கட்டடத்தையும் நீங்களே அளந்துவிடலாம். நடுத்தர அளவுள்ள கட்டடத்துக்கு ஒரு முற்பகல் பிடிக்கும்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வசதிகளை எண்ணாதீர்கள், வழியைப் பின்தொடருங்கள். சாய்தளம் உண்டு, லிஃப்ட் உண்டு, தனிக் கழிப்பறை உண்டு என்று மூன்று கட்டங்களில் குறி போட்டுவிடலாம். லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே எட்டு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு படி இருந்தால் அந்த மூன்று குறிக்கும் மதிப்பில்லை. தெருவில் இறங்குகிற இடத்திலிருந்து உள்ளே போய், வந்த வேலையை முடித்து, கழிப்பறைக்கும் போய்விட்டு, அவசரம் என்றால் பத்திரமாக வெளியேறுவது வரை ஒருவர் யார் தயவும் இல்லாமல் போய்வர முடிகிறதா என்பதுதான் கேள்வி.

எந்த அளவுகோல்?

உங்கள் நாட்டில் நடப்பில் இருக்கும் தரநிலை எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் 2010-இல் வந்த தரநிலைகள் இருக்கின்றன. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், 2021-இல் திருத்தி வெளியிட்ட ஒருங்கிணைந்த வழிகாட்டு நெறிமுறைகளும் இருக்கின்றன. பன்னாட்டு அளவில் 2011-இல் வந்து 2021-இல் புதுப்பிக்கப்பட்ட ஐ.எஸ்.ஓ. 21542 என்ற தரநிலை உண்டு. இந்தியச் சட்டத்தின் பின்னால் 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவு நிற்கிறது. அணுகும் வசதியை அரசுகளின் கடமை என்று சொல்லும் பிரிவு அது.

நாட்டுக்கு நாடு எண்கள் கொஞ்சம் மாறும். கதவின் திறப்பு 81.5 சென்டிமீட்டர் போதும் என்கிறது அமெரிக்கத் தரநிலை. இந்தியாவில் 90 கேட்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு "எது சரி?" என்று மணிக்கணக்கில் விவாதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய கட்டடத்தின் கதவு பெரும்பாலும் 70-தான் இருக்கும். தரநிலையில் இருக்கும் எண் கடைசி எல்லை, அதற்குக் கீழே போகக் கூடாது என்பதுதான் பொருள். அந்த எல்லையைத் தொட்டு நிற்பதைச் சாதனையாக நினைக்க வேண்டாம்.

இத்தகைய தரநிலைகளில் முதலாவது 1961-இல் அமெரிக்காவில் வந்த ஏ117.1. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் திமதி நூஜென்ட் தலைமையில் நடந்த ஆய்விலிருந்து பிறந்தது. மொத்தமே ஆறு பக்கம். இன்றைக்குத் தரநிலைகள் நூற்றுக்கணக்கான பக்கங்களாகப் பெருத்துவிட்டன. கட்டடம் கட்டுகிறவர்கள் அந்த ஆறு பக்கத்தையாவது படித்திருந்தால் எனக்குப் பாதி வேலை குறைந்திருக்கும்.

கீழே நான் தரும் அளவுகளில் பெரும்பாலானவை அமெரிக்கத் தரநிலையிலிருந்து வந்தவை. அவற்றை மில்லிமீட்டர் வரை துல்லியமாக எழுதி வைத்திருப்பதால் அளப்பதற்கு வசதி. உங்கள் நாட்டு எண் வேறாக இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

கையில் என்ன வேண்டும்

ஐந்து மீட்டர் எஃகு அளவுநாடா, 60 சென்டிமீட்டர் நீள ரசமட்டம், சாக்குக்கட்டி, 75 சென்டிமீட்டர் நூல், பொருளைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் சிறிய கொக்கித் தராசு, படம் எடுக்க ஒரு கைபேசி. இத்தனையும் ஒரு துணிப்பையில் அடங்கும்.

கருவிகளைவிட முக்கியமானது உடன் வரும் ஆட்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒருவர், வெள்ளைக்கோலோடு நடப்பவர் ஒருவர், காது கேளாதவர் ஒருவர். குறைந்தபட்சம் இவர்களில் ஒருவரையாவது அழைத்துப் போங்கள். நன்றாக நடக்கிற ஒருவரைக் கால் மணி நேரம் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து "அனுபவித்துப் பார்க்கச்" சொல்லும் வழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அவர் எழுந்து வந்து "ரொம்பக் கஷ்டம்" என்று உருகுவார், நமக்கு ஓர் அளவும் கிடைக்காது.

வெளியிலிருந்து தொடங்குங்கள்

வாசலில் நின்று தொடங்குவதுதான் பலருடைய வழக்கம். அதற்கு முன்பே பாதிப் பேருக்கு வழி முடிந்துபோயிருக்கும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். கார் நிறுத்துமிடத்தில் தரையில் நீல நிறச் சின்னம் வரைந்திருப்பது மட்டும் போதாது. பக்கத்தில் ஒன்றரை மீட்டர் அகலத்துக்குக் காலி இடம் கோடு போட்டு ஒதுக்கியிருக்க வேண்டும். கார்க் கதவை முழுக்கத் திறந்து, நாற்காலியை அருகில் நிறுத்தி, உட்காருமிடம் மாறுவதற்கான இடம் அது. இரு சக்கர வண்டிகள் ஒண்டிக்கொள்ளவும் அதுவே தோதான இடமாக அமைந்துவிடுவதுதான் வேதனை.

அங்கிருந்து வாசல் வரை தரையைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். மழைநீர்க் கால்வாய் மேல் போட்டிருக்கும் இரும்புக் கம்பி மூடியை நிதானமாக அளக்க வேண்டும். இடைவெளி 13 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. நீளமான துளைகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும், நெடுக்காக அல்ல. காரணம் சக்கர நாற்காலியின் முன்சக்கரம். அது சிறியது, ஒல்லியானது, எந்தப் பக்கமும் திரும்பும். நெடுக்காக ஓடும் துளைக்குள் ஒரு தடவை இறங்கினால் நாற்காலி சட்டென்று நிற்கும், உட்கார்ந்திருப்பவர் நிற்கமாட்டார், முன்னால் போய் விழுவார். ஊன்றுகோலின் ரப்பர் முனைக்கும் வெள்ளைக்கோலின் நுனிக்கும் இதே கதிதான்.

வண்டிகள் நுழையாமல் தடுக்க நட்டிருக்கும் தூண்களுக்கு நடுவிலும் அளவுநாடாவைப் பிடியுங்கள். 90 சென்டிமீட்டராவது வேண்டும்.

சாய்தளம்

இங்கே நேரம் செலவழியுங்கள். எல்லாரும் கட்டுகிறார்கள், பெரும்பாலும் தப்பாகவே கட்டுகிறார்கள்.

அடிப்படை விகிதம் 1-க்கு 12. ஒரு சென்டிமீட்டர் ஏறுவதற்கு 12 சென்டிமீட்டர் நீளம். வாசலில் 15 சென்டிமீட்டர் உயரத்தில் மூன்று படிகள் இருந்தால் மொத்த ஏற்றம் 45 சென்டிமீட்டர், சாய்தளத்தின் நீளம் 5.4 மீட்டர். மேலேயும் கீழேயும் ஒன்றரை மீட்டர் சமதளம் சேர்த்தால் 8.4 மீட்டர். இந்தக் கணக்கைச் சொன்னதும் "அவ்வளவு இடம் ஏது?" என்பார்கள். இடம் இல்லையென்றால் வளைத்துக் கட்டலாம், தூக்கிமேடை வைக்கலாம், வேறொரு வாசலை எல்லாருக்குமான முதன்மை வாசலாக்கலாம். இரண்டு மீட்டரில் ஒரு சறுக்குமரத்தைக் கட்டி அதற்குச் சாய்தளம் என்று பெயர் வைப்பது மட்டும் கூடாது.

ரசமட்டத்தால் சரிவை அளப்பது எளிது. 60 சென்டிமீட்டர் மட்டத்தைச் சரிவின் நெடுக்கில் வையுங்கள். மேல்முனை தரையில் படட்டும். கீழ்முனையைக் குமிழி நடுவில் வரும்வரை தூக்குங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். 5 சென்டிமீட்டர் என்றால் 1-க்கு 12, தேறிவிட்டது. 6 என்றால் 1-க்கு 10. 7.5 என்றால் 1-க்கு 8. ஓரிடத்தில் அளந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். கையால் பூசிய சாய்தளம் ஒரே சீராக இருப்பது அபூர்வம். மேலே தேறியிருக்கும், கடைசி அரை மீட்டரில் தரையோடு இணைக்கும் அவசரத்தில் செங்குத்தாக இறங்கியிருக்கும். நாற்காலியின் கால்தாங்கி தரையில் இடிப்பது அந்த அரை மீட்டரில்தான்.

1-க்கு 8 என்பது காகிதத்தில் சிறிய மாற்றமாகத் தெரியும். உடம்புக்கு அப்படித் தெரியாது. ஆளும் நாற்காலியும் சேர்ந்து நூறு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 1-க்கு 12 சரிவில் பின்னால் உருளாமல் நிற்பதற்கே எட்டு கிலோ அளவுக்குத் தள்ள வேண்டும். 1-க்கு 8-இல் அது பன்னிரண்டைத் தாண்டும். 1-க்கு 6-இல் பதினாறுக்கும் மேல். அதற்கு மேலே போவதற்கான பலம் தனி. செங்குத்து கூடக் கூட எடை பின்சக்கரத்துக்குப் பின்னால் சாய்ந்து, நாற்காலி மல்லாந்துவிடும் அபாயமும் வருகிறது. மேலேறும்போது நான் முன்னால் குனிந்துகொண்டே தள்ளுவதைப் பார்த்து, களைத்துப்போய்விட்டேன் என்று சிலர் ஓடி வருவார்கள். குனிவது மல்லாந்துவிடாமல் இருப்பதற்கு.

குறுக்குச் சரிவையும் பாருங்கள். மட்டத்தைக் குறுக்காக வைத்தால் இடைவெளி 1.25 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதிகமானால் நாற்காலி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும், ஒரு கை மட்டும் ஓயாமல் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

ஒரே மூச்சில் 76 சென்டிமீட்டர் ஏற்றத்துக்கு மேல் கூடாது. அதற்குமேல் போனால் நடுவில் ஒரு சமதளம் வேண்டும். சாய்தளத்தின் உச்சியில் கதவு இருந்தால் அது எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். வெளிப்பக்கம் திறக்கும் கதவு, அதற்கு முன்னால் சமதளமே இல்லை என்றால், மேலேறி வந்தவர் ஒரு கையால் கதவை இழுத்துக்கொண்டே சரிவில் பின்னோக்கி உருள வேண்டியதுதான்.

கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும். உயரம் 86.5 முதல் 96.5 சென்டிமீட்டர் வரை. இரண்டு உயரத்தில் இரண்டு கம்பி இருந்தால் குழந்தைகளுக்கும் உயரம் குறைந்தவர்களுக்கும் உதவும். சரிவு முடிந்த பிறகும் 30 சென்டிமீட்டர் சமமாக நீண்டிருக்க வேண்டும். பார்வையற்றவரின் கைக்கு "சரிவு முடிந்தது" என்று சொல்வது அந்த நீட்சி. கம்பியைப் பிடித்துப் பாருங்கள். விரல்கள் சுற்றி வளைய வேண்டும், சுவருக்கும் கம்பிக்கும் நடுவே நான்கு சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். அகலமான கிரானைட் பலகையைக் கைப்பிடிச் சுவரின் மேல் பதித்து வைப்பது அழகுக்கு ஆகும், பிடிப்பதற்கு ஆகாது.

வழவழப்பான கல்லில் சாய்தளம் போட்டிருந்தால் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, செருப்புக் காலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். காவலாளி முறைப்பார். பரவாயில்லை.

இன்னொன்று. சாய்தளம் எல்லாருக்கும் ஏற்றதல்ல. செயற்கைக் கால் பொருத்தியவர்கள் சிலருக்கும், மூட்டு வலி உள்ளவர்களுக்கும் சரிவைவிடப் படி எளிது. எனவே பக்கத்திலேயே ஒரே சீரான உயரத்தில், இரண்டு பக்கமும் கைப்பிடியோடு, விளிம்பில் மாறுபட்ட நிறத்தில் பட்டையோடு படிகளும் இருக்க வேண்டும். சாய்தளம் கட்டியதும் படியை இடித்துவிடுகிறவர்களும் உண்டு.

கதவு

கதவின் அகலத்தை எல்லாரும் நிலையிலிருந்து நிலைக்கு அளக்கிறார்கள். நாற்காலி நிலைக்குள் போவதில்லை, திறந்த கதவுக்கும் எதிர்ப்பக்கச் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் வெளியில்தான் போகிறது. கதவை 90 பாகை திறந்து வைத்து, கதவின் முகத்திலிருந்து எதிர்ப்பக்கச் சட்டத்தின் தடுப்பு வரை அளங்கள். "தொண்ணூறு சென்டிமீட்டர் கதவு" என்று வரைபடத்தில் இருப்பது, கதவின் கனம், கீல், தடுப்புச் சட்டம் எல்லாம் தின்றது போக 80-க்குக் கீழே வந்து நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். இரட்டைக் கதவு என்றால் ஒற்றைக் கதவைத் திறந்தாலே இந்த அளவு கிடைக்க வேண்டும். மற்றதைத் தாழ்ப்பாள் போட்டே வைத்திருப்பார்கள்.

அடுத்து, இழுத்துத் திறக்கும் பக்கத்தில் கைப்பிடியை ஒட்டி 45 சென்டிமீட்டர் வெற்றுச் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். கதவு என்னை நோக்கி வரும்போது நான் அதன் வழியிலிருந்து விலகி நிற்க வேண்டும். அந்த இடத்தில்தான் குப்பைத்தொட்டியையும் அழகுச் செடியையும் வைப்பார்கள். நகர்த்தினால் போதும், செலவே இல்லை.

கைப்பிடியைச் சோதிக்க எளிய வழி: விரல்களை மடக்கி முஷ்டியால் திறந்து பாருங்கள். திறந்தால் தேறியது. உருண்டைக் குமிழ் இங்கே தோற்றுவிடும், அழுத்தித் திறக்கும் நீளக் கைப்பிடி ஜெயித்துவிடும். முடக்குவாதத்தால் விரல் மடங்காதவருக்கும், இரண்டு கையிலும் கோப்பு சுமந்து வருபவருக்கும் இது ஒன்றே வழி.

தானே மூடிக்கொள்ளும் கதவுகளில் கொக்கித் தராசைக் கைப்பிடியில் மாட்டி மெதுவாக இழுங்கள். உட்புறக் கதவுகளுக்கு 2.3 கிலோவைத் தாண்டக் கூடாது. தீத்தடுப்புக் கதவுகளுக்கு விலக்கு உண்டு. தாண்டினால் மூடும் கருவியில் உள்ள திருகைத் தளர்த்தச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

நிலைப்படி 13 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், அதுவும் சரித்துத் தேய்த்ததாக இருக்க வேண்டும். முழுக் கண்ணாடிக் கதவென்றால் கண் மட்டத்தில் பளிச்சென்ற பட்டை வேண்டும். பார்வை மங்கியவர்களுக்காக என்று சொன்னால் யோசிப்பார்கள், அதில் மோதிய மேலாளர் ஒருவராவது அந்த அலுவலகத்தில் இருப்பார், அவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

நடைவழியும் தரையும்

இந்தப் பகுதியை வெள்ளைக்கோலோடு வருபவரிடம் விட்டுவிட்டு நீங்கள் பின்னால் குறிப்பெடுங்கள். கோல் தரையை ஒட்டித் துழாவுகிறது. தரையிலிருந்து 68.5 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள பொருளைக் கோல் கண்டுபிடித்துவிடும். அதற்கு மேலே, தலைக்குக் கீழே, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிப்பது முகமும் தோளும்தான். ஆகவே 68.5 முதல் 203 சென்டிமீட்டர் வரையுள்ள உயரத்தில் சுவரில் எதுவும் 10 சென்டிமீட்டருக்கு மேல் நீட்டக் கூடாது. தீயணைப்பு உருளை, வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல், அறிவிப்புப் பெட்டி, தாழ்வாகத் தொங்கும் பலகை எல்லாம் இதில் மாட்டும். மாடிப்படியின் அடிப்பக்கம் மிக மோசமானது. கோல் தாராளமாக உள்ளே போகும், நெற்றி கான்கிரீட்டில் முட்டும். அங்கே ஒரு தடுப்புக் கம்பியோ தொட்டியோ வைத்துவிட்டால் தீர்ந்தது.

தொட்டுணரும் ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் மஞ்சள் நிறம். ஜப்பானியரான செய்யிச்சி மியாக்கே 1965-இல் உருவாக்கி, 1967 மார்ச்சில் ஒக்காயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகில் முதன்முதலில் பதித்தது. அதில் இரண்டே வகை. நீளக் கோடுகள் இருந்தால் "இந்தத் திசையில் போகலாம்", புள்ளிகள் இருந்தால் "நில், முன்னால் ஏதோ இருக்கிறது". பதிப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாவிட்டால் எல்லாம் கெட்டது. புள்ளி ஓட்டையே வழிநெடுகப் பதித்தவர்கள் உண்டு, கோட்டு ஓட்டைக் கொண்டுபோய்த் தூணில் முடித்தவர்கள் உண்டு. தரையின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று சாம்பல் தரையில் சாம்பல் ஓடு பதிப்பார்கள். கொஞ்சம் பார்வை மிச்சமிருப்பவர்கள் நிற வேறுபாட்டை நம்பித்தான் நடக்கிறார்கள் என்பது வடிவமைப்பாளருக்கு உறைப்பதில்லை.

லிஃப்டில் நான்கு விஷயம் பாருங்கள். உட்புறம் 1.1 மீட்டர் அகலமும் 1.4 மீட்டர் ஆழமும் இருக்கிறதா, பொத்தான்கள் 120 சென்டிமீட்டருக்குள் எட்டுகின்றனவா, பின்சுவரில் கண்ணாடி இருக்கிறதா, தளத்தின் எண்ணைக் குரல் சொல்கிறதா. கண்ணாடி ஒப்பனைக்கு அல்ல. அத்தனை சிறிய இடத்தில் நாற்காலியைத் திருப்ப முடியாது, பின்னோக்கித்தான் வெளியேற வேண்டும், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தொட்டாலே எரியும் வழுவழுப் பொத்தான்கள் இப்போது நாகரிகமாகிவிட்டன. விரலால் தடவி எண்ணைக் கண்டுபிடிப்பவர் தடவிய தளத்துக்கெல்லாம் லிஃப்ட் போய்வரும்.

கழிப்பறை

ஒரு கட்டடம் என்னை வரவேற்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் முதலில் விசாரிப்பது இதைத்தான். கழிப்பறை இல்லாத இடத்துக்குப் போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் எங்களில் ஏராளம்.

முதலில் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பூட்டி வைத்திருந்தால் அதை அளவைவிடப் பெரிய எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். திறந்ததும் உள்ளே துடைப்பம், வாளி, உடைந்த நாற்காலி, பழைய கணினிப் பெட்டி இருந்தால் படம் எடுங்கள். ஒழுங்குபடுத்திவிட்டு எடுக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

75 சென்டிமீட்டர் நூலின் ஒரு முனையைத் தரையில் பிடித்து, மறு முனையில் சாக்குக்கட்டியைக் கட்டி வட்டம் போடுங்கள். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள அந்த வட்டம் தரையில் எதிலும் இடிக்காமல் முழுமையாக விழ வேண்டும். நாற்காலி திரும்புவதற்கான இடம் அது. கதவு வெளிப்பக்கம் திறப்பது நல்லது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

பிறகு கழிப்பிருக்கை. அதன் உயரம் 43 முதல் 48.5 சென்டிமீட்டர். நாற்காலியின் இருக்கையும் ஏறக்குறைய இந்த உயரத்தில் இருப்பதால்தான் இந்த எண். பக்கச் சுவரிலிருந்து கழிப்பிருக்கையின் நடுக்கோடு வரை 40.5 முதல் 45.5 சென்டிமீட்டர். இது ஏன் இத்தனை துல்லியமாக வேண்டும் என்பதற்கு, நான் மாறி உட்காரும் விதத்தைச் சொல்கிறேன். நாற்காலியைக் கழிப்பிருக்கையின் பக்கத்தில் ஒட்டி நிறுத்துகிறேன், தடுப்பைப் பூட்டுகிறேன். ஒரு கை நாற்காலியின் ஓரத்தில் ஊன்றுகிறது, மறு கை சுவரில் உள்ள பிடிகம்பியைப் பற்றுகிறது. உடம்பின் முழு எடையும் இரண்டு கைகளுக்கு வருகிறது, ஒரு நொடி எந்த இருக்கையிலும் இல்லாமல் காற்றில் இருக்கிறேன், பிறகு பக்கவாட்டில் நகர்ந்து உட்காருகிறேன். கம்பி பத்து சென்டிமீட்டர் தள்ளிப் போனால் கை எட்டாது. பத்து சென்டிமீட்டர் நெருங்கினால் முழங்கை மடங்கிப் பலம் போய்விடும். இருக்கைக்குப் பக்கத்தில் நாற்காலி நிற்கவேண்டிய இடத்தில் தண்ணீர்க் குழாயோ குப்பைக்கூடையோ இருந்தால் இந்த வித்தை எதுவும் நடக்காது.

பிடிகம்பியின் உயரம் 84 முதல் 91.5 சென்டிமீட்டர். 113 கிலோ வரை தாங்க வேண்டும் என்பது விதி. அதைப் பிடித்து முழு எடையோடு தொங்கிப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள். டைல்ஸ் மேல் சின்ன ஆணியில் நிற்கும் கம்பி உங்கள் கையோடு வந்துவிட்டால் ஒருவரின் இடுப்பெலும்பைக் காப்பாற்றிவிட்டீர்கள்.

கைகழுவும் தொட்டியின் மேல்விளிம்பு 86.5 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், அடியில் முழங்கால் நுழைய 68.5 சென்டிமீட்டர் உயரம் காலியாக இருக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் அழகான மர அலமாரி கட்டினால் முழங்கால் நுழையாது. வெந்நீர்க் குழாய் போனால் அதற்கு உறை போட வேண்டும், காலில் உணர்ச்சி இல்லாதவர்களுக்குச் சுடுவது தெரியாது. முகக் கண்ணாடியின் கீழ்விளிம்பு 101.5 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.

உதவிக்கு அழைக்கும் கயிறு இருந்தால் அதன் முனை தரைக்கு அருகில், பத்து சென்டிமீட்டர் உயரம் வரை தொங்க வேண்டும். துப்புரவு செய்யும்போது இடைஞ்சல் என்று அதைச் சுருட்டி மேலே கட்டிவிடுவார்கள். கீழே விழுந்து கிடப்பவருக்கு எட்டாத கயிறால் என்ன பயன்? அவிழ்த்துவிடுங்கள், பிறகு இழுத்தும் பாருங்கள். மணி எங்கே அடிக்கிறது, யார் வருகிறார்கள், எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பல இடங்களில் யாருமே வரமாட்டார்கள்.

சாளரம், பலகை, மணி

சேவைச் சாளரத்தின் ஒரு பகுதியாவது 91.5 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுத்தர் என் தலைக்கு மேலே பார்த்து "அடுத்தவர் வாங்க" என்று கூப்பிடுவார். காது கேளாதவர் பலர் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள். எனவே எழுத்தரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், முதுகுப் பக்கம் ஜன்னல் வெயில் இருக்கக் கூடாது. வரிசை எண்ணைக் குரலில் மட்டும் கூப்பிட்டால் அவருக்கு முறை வராது, திரையில் மட்டும் காட்டினால் பார்வையற்றவருக்கு வராது. இரண்டும் வேண்டும்.

அறைப் பெயர்ப் பலகையில் புடைத்த எழுத்தும் பிரெய்லும் இருந்தால் அதை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கதவின் மேல் மாட்டியிருந்தால், ஒருவர் அதைத் தடவிப் படித்துக்கொண்டிருக்கும்போது உள்ளிருந்து யாராவது கதவைத் திறப்பார்கள். பிடி இருக்கும் பக்கத்துச் சுவரில், எழுத்து 122 முதல் 152 சென்டிமீட்டர் உயரத்துக்குள் வருமாறு மாட்ட வேண்டும்.

தீ எச்சரிக்கைக்கு ஒலியோடு மின்னும் விளக்கும் வேண்டும், கழிப்பறைக்குள்ளும் வேண்டும். தீ விபத்தின்போது லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதி வைத்திருப்பார்கள். அப்படியானால் நான்காவது மாடியில் இருக்கும் நான் என்ன செய்வது என்று கேளுங்கள். படிக்கட்டுக்கு அருகில், தீ பரவாத இடத்தில், 76-க்கு 122 சென்டிமீட்டர் அளவில் நாற்காலி காத்திருக்க ஓர் இடமும், அங்கிருந்து பேசத் தொடர்புக் கருவியும் இருக்க வேண்டும். அதைவிட, அங்கே இருப்பவரை யார் வந்து இறக்குவார்கள் என்று பெயர் குறித்த ஏற்பாடு இருக்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

எழுதித் தருவது

அளவுநாடா தெரியும்படி எடுத்த படம், இடம், இருக்கும் அளவு, இருக்க வேண்டிய அளவு, என்ன செய்யலாம். ஒவ்வொரு குறைக்கும் இந்த ஐந்தும் போதும். உணர்ச்சி வசனம் வேண்டாம். "மனிதாபிமானத்தோடு பரிசீலிக்க வேண்டும்" என்று எழுதினால் மனிதாபிமானம் இருக்கும் நாளுக்காக அது காத்திருக்கும். "கழிப்பறைக் கதவின் திறப்பு 68 செ.மீ., இருக்க வேண்டியது 90 செ.மீ." என்று எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

குறைகளைச் செலவு வாரியாகப் பிரித்து எழுதுங்கள். இன்றைக்கே, காசில்லாமல் செய்யக்கூடியவை முதலில்: பூட்டைத் திறப்பது, செடித்தொட்டியை நகர்த்துவது, கயிற்றை அவிழ்ப்பது, சாய்தளத்தில் நிற்கும் வண்டியை அகற்றுவது. அடுத்து, ஒரு தச்சரோ குழாய்க்காரரோ ஒரு நாளில் முடிக்கக்கூடியவை: கைப்பிடி, பிடிகம்பி, பெயர்ப் பலகை, படி விளிம்புப் பட்டை. கடைசியில் இடித்துக் கட்ட வேண்டியவை. "நிதி ஒதுக்கீடு இல்லை" என்ற பதில் மூன்றாவது பட்டியலுக்குத்தான் செல்லும். முதல் பட்டியலுக்கு அது செல்லாது என்பதை எழுத்திலேயே சொல்லிவிடுங்கள், ஒரு தேதியும் கேளுங்கள்.

சரிசெய்துவிட்டதாகத் தகவல் வந்தால் திரும்பப் போய் அளங்கள். சொல்லாமல், கூட்டம் அதிகமுள்ள நேரத்தில் போங்கள். தரையில் புதிதாக டைல்ஸ் பதித்திருந்தால் எல்லா உயரமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மாறியிருக்கும், நிலைப்படி புதிதாக முளைத்திருக்கும், கழிப்பிருக்கை தாழ்ந்திருக்கும். மேஸ்திரி இன்னும் அங்கே இருந்தால் அறிக்கையை அவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். ஏன் இந்த அளவு என்று ஒரு தடவை காட்டினால் போதும், அடுத்த கட்டடத்தில் அவரே சரியாகப் போட்டுவிடுவார். அலுவலகத்தில் கோப்பு நகர்வதைவிட இது வேகமாக நடக்கிறது.